கடை இல்லாத வழியில் பம்மலுக்கு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.15. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், என் மாடி அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். போக வேண்டிய இடம் பம்மல். தூரம் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். மின்சார ரயிலும் ஷேர் ஆட்டோவுமாகப் போனால் முக்கால் மணி நேரம், செலவு இருபது இருபத்தைந்து ரூபாய். நான் இரண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.

காசிக்கும் கயிலாயத்துக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிற இடத்தில் இதையும் ஒரு பயணம் என்று சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் இந்த ஒன்பது கிலோமீட்டரை ஒரு மதுக்கடையைக்கூடக் கண்ணால் பார்க்காமல் கடக்க முயன்றவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அன்று நான் குடியை நிறுத்தி இருநூற்றுப் பதினோராவது நாள்.

பம்மலில் என் மனைவி கிரேஸும் மகள் ஷீபாவும் இருக்கிறார்கள். இரண்டு வருஷமாக நான் அங்கே இல்லை. இருக்கச் சொல்லும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. ஷீபாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் புதன்கிழமை அவளே ஃபோன் செய்தாள். "அப்பா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பறேன். நாலரைக்கு வீட்ல இருந்து பஸ்ஸ்டாண்டுக்குக் கார். நீங்க நாலு மணிக்கு வந்துடுங்க. நீங்கதான் ஜெபம் பண்ணி அனுப்பணும்."

எங்கள் குடும்பங்களில் யார் ஊருக்குப் புறப்பட்டாலும் பெட்டியை வாசலருகே வைத்துவிட்டு நிற்பார்கள். வீட்டுத் தகப்பன் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் வாசலைத் தாண்டுவது. நாலு வருஷமாக அந்தப் பொறுப்பைக் கிரேஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபிக்கிறவன் வாயிலிருந்து வாடை வந்தால் பிள்ளை எப்படிக் கண்ணை மூடி நிற்கும்? அந்த இடத்தை எனக்குத் திரும்பக் கொடுக்கிறேன் என்று மகள் சொல்கிறாள். ஃபோனை வைத்தபின் வெகு நேரம் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். நான் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். கோடு போடுவது என் பிழைப்பு. இரண்டு மாலைகள் செலவழித்து, பெரிய தாளில், அளவு பிசகாமல், தாம்பரத்திலிருந்து பம்மல் வரை ஒரு வரைபடம் வரைந்தேன். வழியில் உள்ள கடைகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ஏழு புள்ளிகள் வந்தன. ஏழும் எனக்கு நேரடிப் பழக்கம், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போக நீலத்தில் ஒரு வழி போட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இருமல் மருந்தையும் வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் தொடவில்லை. ஆபீஸ் வாசலில் கைக்கு ஊற்ற வந்த சானிடைசரைக்கூட வேண்டாமென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

1.55. தாம்பரம் ரயில் நிலையம். என் அறையிலிருந்து நேராக நடந்தால் ஒன்றே கால் கிலோமீட்டர். நீலக் கோட்டின்படி இரண்டரை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பல்லாவரத்துக்கு எடுத்திருக்க வேண்டிய டிக்கெட்டைக் குரோம்பேட்டைக்கு எடுத்தேன். ஐந்து ரூபாய். பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள கடைதான் என் படத்திலேயே பெரிய புள்ளி. அங்கே பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன்.

2.12. கடற்கரை செல்லும் வண்டி. கூட்டமில்லை. மடியில் படத்தை விரித்து வைத்திருந்தேன். எதிர் இருக்கையில் ஒருவர், முட்டி வரை மடித்துக் கட்டிய வேட்டி, கையில் பெயின்ட் டப்பா. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், மெட்ரோவா? நாகல்கேணிக்கெல்லாம் ஸ்டேஷன் போட்டுக்கீறீங்க போல?"

"ஆமாங்க."

"நல்லதா போச்சு. எப்ப தெறக்கறீங்க?"

பகல் பன்னிரண்டு மணிக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் நாளாகும் என்று சொல்லிப் படத்தை மடித்தேன். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் அவர் இறங்கிப்போனார். அதற்குப் பிறகு என்னிடம் பேச யாருமில்லை. இந்த ஏழு மாதங்களில் நான் அதிகம் கண்டது இதைத்தான்: குடிக்கிறவனுக்குத் துணை எங்கும் கிடைக்கும், நிறுத்தினவனுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்கும்.

துணை என்று எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றுதான். சானடோரியத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில், குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். அங்கேதான் குமரேசனைத் தெரியும். பம்மலில் ஆட்டோ மெக்கானிக்காக இருந்து இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர், குடியை விட்டதில் ஆறு வருஷம் மூத்தவர். அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். போன ஞாயிறு என் வரைபடத் திட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், அவர் மட்டும் ஆட்டவில்லை.

"அண்ணா, புத்தரு முயற்சின்னு சொன்னது நாலு வேல. கெட்டது வராம பாத்துக்கறது ஒண்ணு. வந்துட்டா அத்த அனுப்பி வுடறது ரெண்டு. இல்லாத நல்லத உண்டாக்கறது மூணு. இருக்கற நல்லத கைவுடாம காப்பாத்தறது நாலு. நீ மொத வேலையவே புட்சி முறுக்கினு கீற."

"முறுக்காம விட்டா நழுவிடும் குமரேசன்."

"கிளச் கேபிள் மாட்டுவோம் பாரு. லூசா வுட்டா கியர் வுழாது. ரொம்ப இழுத்துக் கட்னா வண்டி நல்லா ஓடற மாரிதான் இருக்கும், உள்ள பிளேட்டு எரிஞ்சிகினே இருக்கும். லிவர்ல ஒரு துளி ப்ளே வுடணும், கொஞ்சம் தளர்வா. அத்த கையாலதான் கண்டுபுடிக்க முடியும், ஸ்கேல் வச்சு இல்ல."

நான் வேதாகமத்தில் வளர்ந்தவன். புத்தரைப் பற்றிப் பள்ளியில் படித்ததோடு சரி. அளவுகோலை வைத்துச் சோறு தின்கிறவனிடம் இந்த ஆள் அளவுகோலைக் கேலி செய்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

2.22. குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து திருநீர்மலை சாலையில் நாகல்கேணிக்கு ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். நாகல்கேணிக் கடைக்கு முந்நூறு மீட்டர் முன்பாகவே இறங்கி, வலப்பக்கச் சந்துக்குள் நுழைந்தேன். அங்கிருந்து பம்மல் சாலைக்குப் பின்பக்கமாகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது தாளில் கண்ட உண்மை.

தரையில் அந்தச் சந்து வேறு மாதிரி இருந்தது. தோல் பதனிடும் பகுதியின் பழைய வாடை, தகரக் கூரை போட்ட பட்டறைகள், உள்ளே தையல் மெஷின் சத்தம். மூன்று திருப்பங்களுக்குப் பிறகு புதிதாக எழுந்திருந்த ஒரு காம்பவுண்டு சுவர் என் நீலக் கோட்டின் குறுக்கே நின்றது. திரும்பி வேறு சந்தில் நுழைந்தேன். அது ஒரு கழிவுநீர்க் கால்வாயில் முடிந்தது. மணி மூன்று பத்து.

ஒரு பட்டறை வாசலில் தோல் துண்டுகளை ரகம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வழி கேட்டேன்.

"பம்மலா? நேரா போ சார். ஒயின் ஷாப் வரும். அதாண்ட ரைட்ல திரும்பு, பம்மல் ரோடு."

"வேற வழி இல்லையாம்மா?"

"வேற வழி எதுக்கு? இதான் கிட்ட."

"இல்ல, கடை வழியா வேணாம்."

அந்த அம்மா துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க யார்னா உன்ன அடிக்கக் காத்துனு கீறாங்களா?"

ஒரு விதத்தில் ஆமாம். சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன். அடுத்து இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டேன்; கடைக்கு எதிர்ச் சந்து என்றார். ஸ்கூட்டரில் வந்த ஒருவர், கடை தாண்டி இரண்டாவது லெஃப்ட் என்றார். தண்ணீர் கேன் போடுகிறவர், கடைக்குப் பின்பக்கம் ஒரு குறுக்குப் பாதை இருப்பதாகவும் மாலையில் அதில் கூட்டமாக இருக்கும் என்றும் அக்கறையோடு சொன்னார். எங்கள் புறநகரில் கோயிலையும் சர்ச்சையும் பள்ளியையும் விட்டுவிட்டு எல்லோரும் இதையே அடையாளமாக வைத்துத்தான் வழி சொல்கிறார்கள். அது இல்லாமல் வழி சொல்லத் தெரிந்த ஒரு மனிதரை அன்று நான் சந்திக்கவில்லை.

4.10. ஒரு ஏரிக்கரையில் நின்றிருந்தேன். எதிரே கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஆகாயத்தாமரை. வந்த வழியும் சரியாக நினைவில்லை. ஃபோன் அடித்தது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பக்கத்துல வந்துட்டேன்மா. அஞ்சு நிமிஷம்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. எத்தனை வருஷம் இதே சொற்களை, இதே குரலில், கடை வாசலில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் ஷீபா "சரிப்பா" என்றாள். அந்த "சரிப்பா"வையும் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் அதை வைத்திருக்கிறாள்.

குமரேசனைக் கூப்பிட்டேன். பின்னணியில் ஹார்ன் சத்தம்.

"எங்க கீற?"

சொன்னேன்.

"ஏரியாண்டயா? அங்க இன்னாண்ணா பண்ற? அந்தக் கடை வழியா நேரா வாண்ணா. கடையக் கண்டு ஓடாத, நிக்கவும் நிக்காத. ரோட்ல எல்லாரும் எப்படிப் போறாங்களோ அப்படிப் போ."

"முடியலன்னா?"

"நடந்துகினே எனக்கு ஃபோன் பண்ணு."

4.28. நாகல்கேணிக் கடை. பச்சைப் பலகை, கம்பிக் கதவுக்குள் நீளும் கைகள், வாசலில் பிளாஸ்டிக் டம்ளரும் வறுத்த கடலைத் தோலும். ஊறிய வாடை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் சுரந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஒரு கணம் எல்லாமே அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பதாகத் தோன்றியது. காய்கறிப் பையோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் செருப்பையே பார்த்தபடி நடந்தேன். அவர் வலப்பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். கடையைக் கடக்க எனக்கு முக்கால் நிமிஷம்கூட ஆகவில்லை. அதைத் தவிர்க்கத்தான் இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தேன்.

4.58. பம்மல். வீட்டு இரும்புக் கதவில் பூட்டு. வாசலில் ஈரம் காயாத கோலம்போல் டயர் தடம். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தான் சார், இருபது நிமிஷம் இருக்கும். உங்களுக்காகக் கொஞ்ச நேரம் நின்னாங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஷீபாவுக்கு ஃபோன் செய்தேன்.

"பரவாயில்லப்பா. அம்மா ஜெபம் பண்ணிட்டாங்க."

"வழி தவறிட்டேன்மா. கடை இல்லாத வழியா வரலாம்னு..."

"பம்மலுக்கு வழி தவறிட்டீங்களா?" கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "சரிப்பா. வெக்கிறேன்."

இருநூற்றுப் பதினோரு நாட்களில் நான் மிகவும் பாடுபட்ட நாள் அது. அன்றைக்குத்தான் என் மகள் நான் குடித்திருப்பதாக நம்பினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிறவனுக்கு ஒன்றும் தோன்றாது என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒன்றே ஒன்று மிகத் தெளிவாகத் தோன்றியது: இனி என்ன? அந்த இனி என்னவுக்கு வழி தேட வேண்டிய அவசியமும் இல்லை. பையிலேயே படம் இருந்தது. ஐந்தாவது புள்ளி, முந்நூற்று நாற்பது மீட்டர், ஒரே ஒரு திருப்பம். அவ்வளவு நுணுக்கமாக நானே வரைந்து வைத்திருந்தேன்.

தெரு முனை வரை நடந்தேன். இடப்பக்கம் போனால் ஐந்தாவது புள்ளி. வலப்பக்கம், முன் கண்ணாடியில் நீலச் சக்கரம் ஒட்டிய ஷேர் ஆட்டோ ஒன்று பல்லாவரம் பார்த்து நின்றிருந்தது. ஆட்கள் ஏறியும் குமரேசன் வண்டியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் தன் இருக்கையில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

5.06. ஆட்டோவில்.

"போயிட்டாங்க குமரேசன். அவ்வளவுதான். என்னை ரூமுக்குப் போகவிடு."

"பஸ்ஸு எங்கேர்ந்து?"

"கிளாம்பாக்கம். ஆறே முக்கால்."

"இப்ப மணி இன்னா?"

கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினேன்.

"கார் ஜி.எஸ்.டி.ல மாட்டிகினு நிக்கும். நீ ட்ரெய்னப் புடி, வண்டலூர்ல எறங்கு. மின்னாடியே போய்டுவ."

"குடிச்சிருக்கேன்னு நினைக்கிறா."

"நெனைக்கட்டும். நீ போய் மூஞ்சிய காட்டு. கெட்டது வராம பாத்துக்கற வேலைய காலைலேர்ந்து பாத்துட்ட, போதும். இருக்கற நல்லத கைவுடாத. அது பஸ்ஸ்டாண்டுக்குப் போய்கினு கீது."

படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். சிக்னலில் நின்றபோது விரித்துப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அண்ணா, இத்த ஒரு குடிகாரன் கைல குட்த்தா ஜென்மத்துக்கும் வழி மாற மாட்டான்!" பின்னாலிருந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். மடித்து இருக்கைக்கு அடியில் செருகிவிட்டார்.

5.24. பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தை நாளாதலால் சாலை முழுக்கப் பைகளும் செடித் தொட்டிகளும். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் என் பெரிய புள்ளி. இந்த முறை வேறு வழி தேட நேரமில்லை. நினைத்தபடியே அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"மச்சான்! டேய்! எங்கடா ஆளையே காணோம்?"

பதினோரு வருஷம் என்னோடு நின்றவன். மெலிந்துபோயிருந்தான். என்னைப் பார்த்ததில் அவனுக்கு உண்மையான சந்தோஷம். அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட இரண்டாவது மனிதன் அவன். ஓடாமலும் நிற்காமலும் பேசுவது கடினம். நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

"பொண்ணு ஊருக்குப் போறாடா. ட்ரெய்னுக்கு நேரமாச்சு."

"போ போ. பாப்பாவ கேட்டதா சொல்லு" என்றான். எனக்குக் குடிக்க வேண்டும்போல் இருந்தது. மிகவும். அதோடேயே படியேறி, டிக்கெட் எடுத்து, 5.38 வண்டியில் ஏறினேன். தாம்பரம் வரை அந்த ஆசை கூடவே வந்தது. பெருங்களத்தூரில் பார்த்தபோது அது பக்கத்தில் இல்லை.

6.24. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். வண்டலூரிலிருந்து டவுன் பஸ். கோயம்புத்தூர் வண்டி நிற்கும் நடைமேடையைக் கண்டுபிடிக்க ஏழு நிமிஷம் ஓடினேன். ஷீபா பெட்டியின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள். பக்கத்தில் கிரேஸ், கொஞ்சம் தள்ளி அவளுடைய அக்கா. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

கிரேஸ்தான் முதலில் நகர்ந்தாள். "தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டியபடி மிக அருகில் வந்தாள். தண்ணீர் கொடுக்க அத்தனை அருகில் வர வேண்டியதில்லை. எதற்கு வருகிறாள் என்று தெரிந்தும் நான் அசையாமல் நின்று, வாயைத் திறந்து மூச்சை விட்டேன். அவமானமாக இல்லை. கேட்க அவளுக்கு உரிமை உண்டு. மூச்சை இழுத்தவள் அப்படியே ஒரு நொடி நின்றாள். பிறகு திரும்பி மகளைப் பார்த்து, இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"இவ்ளோ வேர்த்திருக்கே" என்று மட்டும் சொன்னாள்.

ஷீபா என் முன்னால் வந்து நின்றாள். அம்மா ஏற்கெனவே ஜெபித்து அனுப்பிய பிள்ளை. இன்னொரு முறை தேவையில்லை. ஆனாலும் தலையைக் குனிந்தாள். இரண்டு நாளாக மனதுக்குள் நீண்ட ஜெபம் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். வசனங்கள், வாக்குத்தத்தங்கள், இனி ஒருநாளும் தொட மாட்டேன் என்ற சத்தியம் எல்லாம் அதில் உண்டு. தலையில் கை வைத்ததும் அதில் ஒரு வரியும் வரவில்லை.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட போங்க. அவ தூங்கிப் போகட்டும். நான் இன்னைக்குக் குடிக்கல. நாளைக்கும் கூட இருங்க."

"ஆமென்" என்றாள் ஷீபா. நான் குடித்துவிட்டு வீட்டில் ஜெபித்த காலத்தில் கடைசியில் அந்தச் சொல்லை அவள் விட்டுவிடுவாள். நான் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வேன்.

பஸ் 6.52க்குக் கிளம்பியது. குளிர்சாதன வண்டி, ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கிரேஸும் அவள் அக்காவும் காருக்குப் போனார்கள். காரில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதில் என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கதவைச் சாத்துமுன் கிரேஸ், "பாத்துப் போங்க" என்றாள்.

ஊர் சுற்றி வந்தவர்கள் கடைசியில் வீடு திரும்பிய நிம்மதியை எழுதுவார்கள். எனக்குத் திரும்ப ஓர் அறை இருந்தது. அங்கே எனக்காக விளக்குப் போட்டு வைக்க யாரும் இல்லை. தாம்பரம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பெருங்களத்தூர் தாண்டும்போது ஃபோனில் ஒரு செய்தி வந்தது. ஷீபா. "அப்பா, சாரி." அதற்குக் கீழே இன்னொன்று. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கூப்பிடறேன். எங்க இருக்கீங்கன்னு கேக்க மாட்டேன்."